நிலைத்தகு பொறியியலில் முதுநிலைப் படிப்பு: பாலக்காடு, பொள்ளாச்சி எல்லைப் பகுதி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் எனப் பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பொறியியல் பட்டம் முடிக்கும் தறுவாயில் கேட்கும் கேள்விகளும், அவர்களுடைய பெற்றோர் கேட்கும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கல்லூரிகளின் பாடப்பிரிவுகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் விவரக் கையேட்டைத் தவறாமல் படித்துக்கொள்ள வேண்டும்.

நிலைத்தகு பொறியியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் ஒன்றா?

நெருங்கிய உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. சுற்றுச்சூழல் பொறியியல் பெரும்பாலும் உண்டாகிவிட்ட கழிவை எப்படிச் சுத்திகரிப்பது என்பதில் தன் உழைப்பைச் செலுத்துகிறது. நிலைத்தகு பொறியியல், ஒரு பொருளோ சேவையோ மண்ணிலிருந்து எடுக்கப்படும் மூலப்பொருளில் தொடங்கி, பயன்பாடு முடிந்து மீண்டும் மண்ணுக்கோ உலைக்கோ போய்ச் சேரும் வரையில் எவ்வளவு நீரையும் ஆற்றலையும் கனிமத்தையும் எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுச்செல்கிறது, அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று முழுக்கணக்கு போட்டு, வடிவமைக்கும்போதே அதைக் குறைக்க முயல்கிறது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டதைத் தொடர்ந்து, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை மீண்டும் இயங்கின. அந்த முறையில் ஆர்.ஓ. சவ்வுகள் நீரின் பெரும்பகுதியை மீட்டுத் தருகின்றன, மிஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கிகள் காய்ச்சி வற்றவைக்கின்றன. ஆறு தப்பியது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆவியாக்கியை இயக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும், கடைசியில் யாரும் வாங்காத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. நீரில் இருந்த சுமை காற்றுக்கும் நிலத்துக்கும் இடம் மாறியிருக்கிறது. குறைந்த உப்பில் பருத்திக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று முதலிலேயே கேட்பவர்தான் நிலைத்தகு பொறியியலாளர்.

எந்த இளநிலைப் பட்டம் படித்தவர்கள் சேரலாம்?

சிவில், கெமிக்கல், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், வேளாண் பொறியியல் ஆகிய எதிலிருந்தும் வரலாம். சில துறைகள் வேதியியல், இயற்பியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவற்றில் எம்.எஸ்சி. முடித்தவர்களையும் ஏற்கின்றன. ஏதேனும் ஒரு மூலத்துறையில் ஆழமான பிடிப்பு இருப்பது கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. நிலைத்தன்மை பற்றி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் அறிந்தவரைவிட, ஒரு கொதிகலனின் வெப்பக் கணக்கையோ ஒரு வாய்க்காலின் நீரோட்டக் கணக்கையோ தவறில்லாமல் போடத் தெரிந்தவரைத்தான் ஆலையும் அரசும் நம்பும்.

‘நிலைத்தகு பொறியியல்’ என்ற பெயரில் படிப்பு எங்கே இருக்கிறது?

இந்தப் பெயரையே தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். இந்தியாவில் இந்தத் துறை பல பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடக்கிறது. ஆற்றல் பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல், நீர்வள மேலாண்மை, புதுப்பிக்கத்தக்க ஆற்றல், கட்டுமானப் பொருள் தொழில்நுட்பம், மண் மற்றும் நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் என எந்தப் பெயரிலும் அது இருக்கக்கூடும். பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்தத் துறையின் ஆசிரியர்கள் கடந்த சில ஆண்டுகளில் எந்தச் சிக்கலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நம் பகுதியைப் பொறுத்தவரை, 2015-இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐ.ஐ.டி. கஞ்சிக்கோட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் நிலைத்தகு பொறியியலுக்கும் அங்கே தனி மையமே உண்டு. வாளையாரைத் தாண்டினால் எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகம். கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியலில் எம்.டெக். படிக்கலாம். மேற்கே போனால் திருச்சூர் அரசு பொறியியல் கல்லூரியும், பாரதப்புழைக் கரையில் தவனூரில் உள்ள கேளப்பஜி வேளாண் பொறியியல் கல்லூரியும், கோழிக்கோடு என்.ஐ.டி.யும் கிடைக்கும். வீட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இத்தனை கல்லூரிகள் அமைவது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஐ.ஐ.டி. என்றால் சென்னைக்கோ மும்பைக்கோதான் போக வேண்டும் என்ற பழைய எண்ணத்தைக் கைவிடலாம்.

நுழைவுத் தேர்வு எது? எந்தத் தாளை எழுதுவது?

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இரண்டுக்கும் கேட் (GATE) என்னும் தேசிய அளவிலான தேர்வுதான். இளநிலையின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். 100 மதிப்பெண், மூன்று மணி நேரம், பெற்ற மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்ற தனித்தாள் 2021 முதல் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை மட்டும் எழுதினால், உங்கள் மூலத்துறைத் தாளைக் கேட்கும் படிப்புகளுக்கு வழி அடைபடக்கூடும். அனுமதிக்கப்பட்ட இணைகளுக்குள் இரண்டு தாள்கள் எழுதலாம் என்பதால், முடிந்தவர்கள் மூலத்துறைத் தாளோடு இதையும் சேர்த்து எழுதுவது நல்லது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர, கேட் மதிப்பெண் இல்லாதவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு இருக்கிறது. கேரள அரசுக் கல்லூரிகளில் கேட் மதிப்பெண் பெற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

வீடு கேரளத்தில், பள்ளியும் கல்லூரியும் தமிழ்நாட்டில். இட ஒதுக்கீடு எந்த மாநிலத்தில் கிடைக்கும்?

எல்லையில் வாழ்பவர்கள் வேறு எதையும்விட இந்தக் கேள்வியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகையால் பொறுமையாகப் படியுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறானவை. ஒரே சமூகம் கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியலிலும் அந்தப் பக்கம் வேறொரு பட்டியலிலும் இருக்கக்கூடும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக அறியப்படுபவர், குடிபெயர்ந்தார் என்பதற்காக மற்றொரு மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு, உங்கள் குடும்பத்தின் பூர்விகம் எந்த மாநிலமோ அந்த மாநிலச் சான்றிதழே செல்லும். பள்ளிப் படிப்பை எங்கே முடித்தீர்கள் என்பதைப் பார்க்கும் விதிகளும் தனியாக உண்டு. அவற்றை இரு மாநிலக் கையேடுகளிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. பூர்விக மாநிலத்தின் வருவாய்த் துறை தரும் சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில் இருந்தால் போதும். பிற்படுத்தப்பட்டோருக்கான சான்றிதழ் வளமான பிரிவினர் அல்லாதோர் (நான் கிரீமி லேயர்) என்று குறிப்பிடுவதாகவும், பெரும்பாலும் அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு பெறப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மாநிலப் படிவத்தில் வாங்கிய சான்றிதழைக் கொண்டுபோய்க் கடைசி நேரத்தில் அலையும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. வில்லேஜ் ஆபீசிலோ தாலுகா அலுவலகத்திலோ விண்ணப்பிக்கும்போதே எந்தப் படிவம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேரளத்தில் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியில் அரசோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். மலையாளம் எழுத வரவில்லை என்பதற்காக யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

செலவுக்கு என்ன வழி?

கேட் மதிப்பெண்ணோடு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதல் பெற்ற கல்லூரியிலோ ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யிலோ முழுநேரம் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சீட்டா வழியாகச் சேர்ந்தால் இது கிடைக்காது என்பதை நினைவில் வைத்து, கேட் தேர்வை இன்னொரு முறை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். முனைவர் பட்ட ஆய்வில் 2023 முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. வாங்கி வைத்த கல்விக்கடன் ஏற்கனவே இருந்தால், ஊக்கத்தொகை இல்லாத இடத்தில் சேர்வதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாடங்களில் கணக்கு அதிகம் இருக்குமா?

இருக்கும், இருக்கவும் வேண்டும். மையப் பாடம், முதலில் சொன்ன அந்த முழுக்கணக்கைப் போடும் முறையான வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்னும் தரநிலைகள் இதை நான்கு கட்டங்களாக வகுத்திருக்கின்றன: நோக்கத்தையும் எல்லையையும் வரையறுத்தல், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பட்டியலிடுதல், தாக்கத்தை மதிப்பிடுதல், முடிவுகளை விளக்குதல். இதற்கு ஓப்பன் எல்.சி.ஏ. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சேர்வதற்கு முன்பே அதைப் பழகத் தொடங்கலாம்.

கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு வாளையாரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கேரள அரசின் மலபார் சிமென்ட்ஸ் ஆலை அங்கே இருக்கிறது, கோவைக்குப் போகும் வழியில் மதுக்கரையில் இன்னொரு சிமென்ட் ஆலை. சிமென்டுக்கு வேண்டிய கிளிங்கரைச் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, 100 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும் பிரிகின்றன. இது எரிபொருளால் வரும் புகை அன்று, கல்லுக்குள்ளேயே இருந்த வாயு. எனவே உலையைச் சூரிய ஆற்றலில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது. குறைக்க வேண்டுமென்றால் கிளிங்கரின் பங்கையே குறைக்க வேண்டும். சுமார் 1,450 டிகிரி வெப்பம் கேட்கும் கிளிங்கரைப் பாதியாக்கி, 700 முதல் 850 டிகிரியில் சுட்ட களிமண் 30 விழுக்காடு, சுடாத சுண்ணாம்புக்கல் 15 விழுக்காடு, ஜிப்சம் 5 விழுக்காடு சேர்க்கும் எல்.சி.3 என்ற சிமென்ட் இப்படிப் பிறந்ததுதான். சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.களும் இந்த ஆய்வில் பங்கேற்றன. இந்தியத் தர அமைவனம் 2023-இல் இதற்குத் தரநிலை வெளியிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலிலிருந்து தொடங்கி, ஒரு தொழிலின் போக்கை மாற்றும் இடம் வரை இந்தக் கணக்கு நம்மை அழைத்துப் போகிறது.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் கேள்வி இது. நம் பிள்ளைகள் பலர் இணையத்தில் கிடைத்த தலைப்பை எடுத்துக்கொண்டு, யாருக்கும் பயன்படாத ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்கிறார்கள். வீட்டைச் சுற்றி நிற்கும் சிக்கல்கள் உலகத் தரமான ஆய்வுக்குத் தகுதியானவை.

முதலில் தண்ணீர். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரப்பட வேண்டும். சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு அதுதான் உயிர். நீர் குறையும் ஆண்டில் எந்த வாரத்தில் எவ்வளவு திறந்தால் மேலே பொள்ளாச்சித் தென்னைக்கும் கீழே சித்தூர் நெல்லுக்கும் இழப்பு குறையும் என்பது மாதிரியமைத்துத் தீர்க்க வேண்டிய பொறியியல் கேள்வி. இரு மொழியும் தெரிந்து, இரு பக்கத்து விவசாயிகளிடமும் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு மாணவர் இதைச் செய்தால், வெளியூர் ஆய்வாளர் யாரும் திரட்ட முடியாத தரவு அவர் கையில் இருக்கும்.

அதே சித்தூர் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலை, கிணற்று நீர் வற்றியும் கெட்டும் போனதாக எழுந்த மக்கள் போராட்டத்துக்குப் பின் 2004-இல் நின்றது. உரமாகக் கொடுக்கப்பட்ட ஆலைக் கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதைச் சோதனைகள் காட்டின. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. கடினப் பாறைப் பகுதியில் ஓர் ஆலை எடுக்கும் நீரை எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையை ஆராய விரும்புபவர், இந்த ஊரைப் படிக்காமல் தொடங்கக் கூடாது.

பொள்ளாச்சியின் தென்னை நார்க்கழிவு மற்றொன்று. ஏற்றுமதிக்காக அதன் உப்பைக் குறைக்கத் திரும்பத் திரும்ப நீரில் அலசுகிறார்கள், சில இடங்களில் கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் ஊறவைக்கிறார்கள். ஐரோப்பியப் பசுமைக்குடிலில் செடி வளர்க்கும் ‘இயற்கை ஊடகம்’ என்று போற்றப்படும் நார்க்கழிவுக் கட்டி, இங்கே பழுப்பு நீரை நிலத்தில் விட்டுவிட்டுப் போகிறது. அலசிய நீரை மீண்டும் பயன்படுத்தும் சிறிய, மலிவான அமைப்பு ஒன்றை வடிவமைப்பது ஓர் எம்.டெக். ஆய்வுக்கு மிகப் பொருத்தமான அளவு.

பாலக்காட்டுக் கணவாயின் காற்றாலைகளையும் மறக்க வேண்டாம். ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இந்த இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைவதால்தான் உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் இத்தனை காற்றாலைகள். 1990-களில் நட்டவை இப்போது ஆயுள் முடியும் நிலையில் இருக்கின்றன. கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கால் ஆன அவற்றின் இறக்கைகளை உருக்கவும் முடியாது, எளிதில் அரைக்கவும் முடியாது. அவற்றை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கு விடை தேடும் ஆய்வுக்கு நம் ஊரைவிடப் பொருத்தமான களம் எது?

சோலார் பம்புசெட் போன்றவை எப்போதும் நல்லவைதானே?

கரியமில வாயுவை மட்டும் எண்ணினால் நல்லவையே. டீசல் எஞ்சினை நீக்கிவிட்டு வைத்தால் புகையும் இல்லை, எரிபொருள் செலவும் இல்லை. ஆனால் வெயில் உள்ள நேரமெல்லாம் செலவில்லாமல் ஓடும் பம்பு, ஏற்கனவே அடிமட்டத்துக்குப் போன ஆழ்துளைக் கிணற்றை மேலும் வற்றவைக்கக்கூடும். சொட்டுநீர்ப் பாசனத்தோடு இணைத்தால், அல்லது மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்க விவசாயிக்கு வழி செய்தால், இதே கருவி வேறு விதமாக நடந்துகொள்ளும். கருவியைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதிருக்கும் பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு உண்டாக்க வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களால் சமாளிக்க முடியுமா?

முடியும். கேட் தேர்வும் வகுப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. முதல் பருவத்தில் கட்டுரை எழுதுவதுதான் கடினமாக இருக்கும், கணக்கு அல்ல. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் உண்டு. கருத்தைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதன் சாரத்தை ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால், ஆறு மாதத்தில் மாற்றம் தெரியும்.

வெளிநாட்டில் படிப்பது பற்றி?

நெதர்லாந்தில் லெய்டன், டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் தொழிற்சூழலியல் படிப்பு இத்துறையில் பெயர் பெற்றது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. விசாவுக்கு முன் ஆண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (blocked account) காட்ட வேண்டும், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் வளர்ச்சி சார்ந்த உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவை. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நிலத்தை அடகு வைத்து வெளிநாடு அனுப்பத் துணியும் பெற்றோர், முதலில் இந்த உதவித்தொகைகள் அனைத்துக்கும் ஒரு முறை விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

சட்டம் கணக்குக் கேட்கும் இடத்தில் வேலை உண்டாகிறது. 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் கீழ், ஆற்றல் தணிக்கையாளர்களுக்குத் தனித் தேசியத் தேர்வு நடக்கிறது, அதில் தேறியவர்களை ஆலைகள் தேடுகின்றன. பங்குச்சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையை, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிப்படி வெளியிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் முதலியவற்றின் இறக்குமதிக்கு 2023 அக்டோபர் முதல் கார்பன் அறிக்கை கேட்டது, 2026 தொடக்கத்திலிருந்து அதற்கு விலையும் வைத்திருக்கிறது. ஓர் உருக்காலை, ஒரு டன் இரும்பை உருக்க 600 யூனிட் மின்சாரம் செலவிடுவதாகக் கொண்டால், நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற கணக்கில் அந்த மின்சாரத்தால் 420 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த எண்ணை அளந்து, குறைத்துக் காட்டக்கூடியவர் கோவைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் தேவை. இவை தவிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், பசுமைக் கட்டட ஆலோசனை ஆகியவற்றிலும் இடம் உண்டு. ஆனால் மென்பொருள் நிறுவனங்களைப் போல வளாகத்துக்கு வந்து கூட்டமாக ஆள் எடுக்கும் துறை இதுவன்று, தேடித்தான் சேர வேண்டும்.

நேராகச் சேர்வதா, வேலை பார்த்துவிட்டுச் சேர்வதா?

வீட்டு நிலைமை இடம் கொடுத்தால், ஓர் ஆலையிலோ நீர்த்திட்டத்திலோ ஓரிரு ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சேர்வதே மேல். நேரடியாக முனைவர் பட்டத்துக்குப் போக விரும்புபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

சேர்வதற்கு முன் துறையிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

கடந்த மூன்று ஆண்டுகளில் முடிந்த ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேளுங்கள். ஆய்வகத்தில் நீரும் மண்ணும் சோதிக்கும் கருவிகள் இயங்குகின்றனவா, மாணவர்களே அவற்றைக் கையாள விடுகிறார்களா என்று இப்போது படித்துக்கொண்டிருக்கும் இருவரிடமாவது விசாரியுங்கள். களப்பணிக்கு வாகனமும் நிதியும் உண்டா, ஆலைகளோடு ஒப்பந்தம் உண்டா, பெண் மாணவர்கள் களத்துக்குப் போகும்போது துறை என்ன ஏற்பாடு செய்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். வழிகாட்டியாக வரக்கூடிய ஆசிரியருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாத மின்னஞ்சலில், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து எழுந்த கேள்வியையும், நீங்கள் ஆராய விரும்பும் சிக்கலையும், அதற்கு உங்கள் ஊரில் கிடைக்கக்கூடிய தரவையும் எழுதி அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆசிரியருக்கு எழுதுங்கள்.